இரண்டாவது கரண்டியின் எடை

1

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். அங்கே மழையா? இன்றைக்கு என்ன சாப்பாடு? மழைக்குப் பதில் பெரும்பாலும் ஆமாம்தான். சாப்பாட்டுக்கு இப்போது கிராமில் பதில் சொல்கிறேன். சோறு நூற்றைம்பது, மீன் எண்பது, கீரை எவ்வளவு வேண்டுமானாலும். சிரிக்கிறார்கள். ஏன் இப்படி ஆனேன் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியாது. எழுதிவிடுகிறேன்.

இந்தப் புரட்டாசியோடு பினாங்குக்கு வந்து இருபத்தொரு வருஷம். எனக்கு அறந்தாங்கிப் பக்கம். எட்டாவது வரை படித்தேன். இவர் இங்கேயே பிறந்தவர். ஜுருவில் ஒரு கம்பெனிக்கு டிரெய்லர் லோரி ஓட்டுகிறார். ஃபேக்டரிச் சாமானைத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. ஒரே மகள், காவியா. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கேக் கடையில் வேலை செய்கிறாள். தோழிகளோடு அங்கேயே அறை எடுத்திருக்கிறாள். பாலம் தாண்டினால் வீடு. மாதம் ஒருமுறை வருகிறாள். வந்தாலும் போனோடுதான் பேச்சு, அதுவும் இங்கிலீஷில். அவள் சிரிக்கும்போது நானும் சிரித்து வைப்பேன்.

2

வந்த முதல் வாரம் மளிகைக்குத் தனியாகப் போனேன். சீனர் கடை. இரண்டு படி அரிசி வேண்டும். படிக்கு மலாயில் என்ன என்று தெரியவில்லை. இரண்டு கையையும் உருட்டி, குவித்துக் காட்டினேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு தர்பூசணியைத் தூக்கி வந்து வைத்தார். அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "அரிசி எங்க?" என்றார். தர்பூசணியைக் காட்டினேன். அன்று இராத்திரி அதுதான் சாப்பாடு.

இங்கே எல்லாம் எடைதான். அரிசி கிலோ. பருப்பு கிலோ. சமையல் எண்ணெய்கூடப் பாக்கெட்டில் ஒரு கிலோ என்றுதான் போட்டிருக்கும். ஊரில் எண்ணெயை யாராவது கிலோவில் கேட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. கடையில் பழகியது, அடுப்படியில் பழகவில்லை. அடுப்படியில் எனக்குத் தராசே கிடையாது. கைதான்.

எங்கள் ஊர் அரிசிக் கடைக்காரர் படியால் அளப்பார். முதல் படிக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். அப்புறம் இரண்டு, மூன்று. ஒவ்வொரு படிக்கும் குச்சியால் தலையைத் தட்டி வழித்துவிடுவார். கடைக்காரர் தட்டலாம். வீட்டில் தட்டினால் பேச்சு வரும். பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாக அரிசி கொடுத்தால் படியின் மேல் கோபுரம் நிற்க வேண்டும். நாலு மணி கீழே சிந்தினால்தான் கொடுத்த மாதிரி.

சோறு வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. உங்கள் வீடுகளிலும் இருக்கும். ஒரே தடவை வைத்து நிறுத்தக் கூடாது. வயிறு நிறைந்தவராக இருந்தாலும் இரண்டாவதாகக் கொஞ்சம் விழ வேண்டும். ஒரே தடவை வைப்பது செத்தவர்களுக்கு என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. இருபத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் இவர் தட்டில் ஒரே தடவையோடு கையை எடுத்ததில்லை.

3

போன வருஷம் இவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அரசாங்க கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு சாப்பாடு பற்றிச் சொல்லித்தருகிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மலாய்ப் பெண். சின்ன வயது, கனிவான முகம். மேசையில் பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் வாழைப்பழம். நான் சோற்றைத் தொட்டுப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.

"ஆன்ட்டி, வேளைக்கு ஒரு சவான்," என்றாள். சவான் என்றால் கப். "வெந்த சோறு, நூற்றைம்பது கிராம். வீட்டில் தராசு இருக்கா?"

இல்லை என்றேன். பரவாயில்லை என்று மேசையிலிருந்த கப்பையே எடுத்துக் கொடுத்தாள். ஒரு நோட்டும் கொடுத்தாள். காலை, மத்தியானம், இராத்திரி என்ன சாப்பிட்டார் என்று தினமும் எழுத வேண்டும். மலாயில் எழுத வேண்டும். நான் எழுதினேன். நாசி, ஒரு சவான். நாசி, ஒரு சவான். நாசி என்றால் சோறு. அடுத்த மூன்று மாதத்தில் அந்தச் சொல்லை என் பேரைவிட அதிகம் எழுதியிருப்பேன்.

இவர் மத்தியானத்துக்கும் நான் கட்டிக் கொடுக்கிற டிபன்தான். ஆகவே இரண்டு வேளைச் சோறும் என் கையால்தான் போனது. கப்பில் சோற்றை எடுப்பேன். கரண்டியின் முதுகால் ஒரு அழுத்து. இடம் விழும். மேலே இன்னும் கொஞ்சம். குவித்துத் தட்டில் கவிழ்த்தால் இட்லி மாதிரி நிற்கும். அப்புறம் கரண்டியால் இரண்டாவது. அது கப்பில் வராது. அது முறைக்கு வைப்பது. நோயாளியின் தட்டில் ஒரே தடவை வைத்து நிறுத்த எனக்கு எப்படிக் கை வரும்?

ஒரு நாள் இவர் தட்டைப் பார்த்துவிட்டு, "நெறைய இருக்கிற மாதிரி இருக்கே?" என்றார்.

"ஒரு கப்புதான். சாப்பிடுங்க."

சாப்பிட்டார். மறுபடி கேட்கவில்லை.

4

மூன்று மாதம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். மூன்று மாதத்துச் சராசரி என்று ஒரு எண் சொல்வார்கள். முதலில் ஒன்பது புள்ளி ஒன்று இருந்தது. இப்போது ஒன்பது புள்ளி மூன்று. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இன்னும் மூன்று மாதம் பார்ப்பேன், குறையாவிட்டால் ஊசிதான் என்றார்.

ஊசிக்கு நாங்கள் பயப்படவில்லை. கம்பெனிக்குத்தான் பயந்தோம். ஊசி போடுகிற டிரைவருக்கு அவர்கள் டிரெய்லர் கொடுப்பதில்லை. கோடவுனில் உட்கார்ந்து பெட்டி எண்ணும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். இவர் இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் நாற்காலியில்கூடப் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். வருஷா வருஷம் கம்பெனி டாக்டர் சோதிப்பார். அப்போது கிளினிக் புத்தகத்தையும் காட்ட வேண்டும்.

மறுபடி அந்தப் பெண்ணின் அறை. அவள் என் நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பக்கமும் ஒரு சவான். எண் மட்டும் ஏறியிருக்கிறது. இவரைப் பார்த்தாள்.

"அங்கிள், வெளியே சாப்பிடுறீங்களா?"

"இல்லை."

"டிரைவர்கள் எல்லாருமே கடையில் நிப்பாங்க. ரொட்டி, தே தாரிக் டீ. கொஞ்சமாவது?"

"காப்பி குடிப்பேன். சீனி இல்லாம. வேற இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கிளினிக் புத்தகத்தில் ஒரு வரி எழுதினாள். மலாய் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். நோயாளி வெளியே சாப்பிடுகிறார் என்று இருந்தது. இவரும் படித்தார்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது கேட்டார்.

"நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்றது?"

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். நான் ஏன் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நானும் அந்தப் பெண் எழுதினதையேதான் நினைத்தேன். வீட்டில் ஒரு கப்தான் சாப்பிடுகிறார். எண் ஏறுகிறது. அப்படியானால் வேறு எங்கேயோ சாப்பிடுகிறார். எனக்குக் கணக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவரோடு லோரி ஓட்டுகிற ராஜு அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, இவரு மத்தியானம் எங்க சாப்பிடுறாரு?"

"ஏன் தங்கச்சி? வண்டியிலதான் சாப்பிடுவாரு. நீ கட்டிக் குடுக்கிறதுதான்."

"கடையில?"

"வருவாரு. எங்க வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. பாவம் லா."

நான் நம்பவில்லை. கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ராஜு அண்ணன் அடுத்த நாளே கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். உன் வீட்டில் சிஐடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ராஜுக்கு போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"இருபத்தொரு வருஷத்துல நான் உன்கிட்ட பொய் சொல்லிப் பாத்திருக்கியா?"

"நம்பர் ஏறுதே."

"நான் அதைக் கேக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்தது. வேலை முடிந்து வந்ததும் டிபன் டப்பாவைத் திறந்து என் முன்னால் பிடிப்பார். சாப்பிட்டது தெரியும், வேறு ஒன்றும் இல்லை என்பது தெரியும். சட்டைப் பையையும் ஒரு தட்டு தட்டுவார். அப்புறம் டப்பாவைத் தொட்டியில் போடுவார். வாசலில் போலீஸ் நின்றால் பையைத் திறந்து காட்டுவோமே, அப்படி. நான் காட்டச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

5

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை காவியா வந்தாள். யாருக்கோ பிறந்தநாள் கேக் ஆர்டர். எங்கள் வீட்டு அடுப்பில் செய்துகொண்டு போகிறேன் என்று மாவு, வெண்ணெய், தட்டையான ஒரு தராசு எல்லாம் தூக்கி வந்தாள். முட்டையைக்கூட உடைத்து நிறுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"முட்டைய எதுக்குடி நிறுக்கிற? ஒரு முட்டை ஒரு முட்டைதானே?"

"ஒரு முட்டை அம்பது கிராம் இருக்கும், இன்னொண்ணு அறுவது இருக்கும்மா. எண்ணிப் போட்டா கேக் ஒரு நாள் நல்லா வரும், ஒரு நாள் வராது. மாவும் அப்படித்தான். கப்புல லூசா அள்ளுனா ஒரு வெயிட்டு, அமுக்கி அள்ளுனா ஒரு வெயிட்டு. அதான் எங்க கடையில கப்பே இல்ல."

நான் இவருக்கு மத்தியானச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றது. கரண்டியின் முதுகு சோற்றின் மேல் இருந்தது.

"அப்பாவுக்கு எவ்ளோ சொன்னாங்க?" என்றாள்.

"ஒரு கப்பு. நூத்தம்பது."

"குடுங்க பாப்போம்."

தராசின் மேல் வெறும் தட்டை வைத்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள், பூஜ்யம் வந்தது. நான் எப்போதும் போலக் கப்பை அழுத்திக் குவித்துக் கவிழ்த்தேன். இருநூற்றுப் பத்து. எப்போதும் போல இரண்டாவது கரண்டி வைத்தேன். இருநூற்று எழுபத்தைந்து.

காவியா தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ம்மா. இது ரெண்டு கப்பு கிட்ட வருது லா."

"அது ஒரு கப்புதான். கரண்டியில வச்சது முறைக்கு வைக்கிறது."

"முறைக்கு வச்சா வயித்துக்குள்ள போகாதா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்பா வெளிய சாப்பிடலம்மா," என்றாள். "நீங்கதான் போட்டிருக்கீங்க."

கூடத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். எழுந்து வந்து தராசைப் பார்த்தார். எண்ணைப் படித்தார். "ம்" என்றார். தட்டை எடுத்து, பாதிச் சோற்றைத் திருப்பிப் பானையில் தள்ளினார். மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டார். ஒரு சொல் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்கு இடம் கொடுக்கவில்லை.

காவியா போகும்போது தராசை விட்டுவிட்டுப் போனாள். கடையில் கேட்க மாட்டார்களா என்றேன். "இது என்னோடதும்மா. நான் வேற வாங்கிக்கிறேன்," என்றாள். அன்று முழுக்கத் தமிழிலேயே பேசினாள்.

6

தராசைப் பழக இரண்டு நாள் ஆனது. பழகின பிறகு எனக்கே பிடித்துவிட்டது. எதை எடை போட வேண்டும், எதைக் கப்பில் அளக்கலாம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். தண்ணீர், பால், ரசம் கப்பில் சரியாக வரும். அதை அழுத்தவும் முடியாது, குவிக்கவும் முடியாது. சோறு, மாவு, துருவின தேங்காய் கப்பில் வராது. கை எப்படியோ எடை அப்படி. சூடான சோறு பொலபொலவென்று இருக்கும், கப் நிறைந்தாலும் எடை குறைவாக நிற்கும். ஆறி இறுகினால் அதே கப்பில் கூட நிற்கும். புழுங்கல் அரிசி ஒரு விதம், இங்கே கிடைக்கிற பச்சரிசி இன்னொரு விதம். எல்லாம் நிறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

இரண்டாவது கரண்டியை மட்டும் நான் விடவில்லை. முதலில் நூறு வைப்பேன். தராசைப் பார்ப்பேன். பிறகு ஐம்பது. மொத்தம் நூற்றைம்பது. தராசுக்கும் சரி, அம்மா சொன்னதற்கும் சரி. நோட்டில் இப்போது சவான் என்று எழுதுவதில்லை. கிராம் என்று எழுதுகிறேன். கீரையைக் கூட்டிவிட்டேன். முதல் வாரம் பசித்தது அவருக்கு. சொல்லவில்லை, தண்ணீர் நிறையக் குடித்தார். அப்புறம் சரியாகிவிட்டது.

டப்பாவைத் திறந்து காட்டுவது மட்டும் நிற்கவில்லை. என் தப்புதான் என்று தெரிந்த பிறகும் நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் டப்பா, சட்டைப் பை, தொட்டி. கோபம்கூட இல்லை அவர் முகத்தில். பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

போன வாரம் மூன்று மாதக் கெடு முடிந்தது. கிளினிக்குக்குப் போனோம். ஏழு புள்ளி ஆறு. டாக்டர் இரண்டு தரம் பார்த்தார். ஊசி வேண்டாம், மாத்திரையே போதும், இப்படியே போங்கள் என்றார். இவர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போலாம்," என்றார்.

"இல்ல. அந்த ரூமுக்குப் போகணும்."

"இன்னிக்கு அங்க அப்பாயின்மெண்ட் இல்லயே."

"எனக்கு இருக்கு."

அந்தப் பெண் இருந்தாள். எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "வெளியே சாப்பிடுறதை நிப்பாட்டிட்டீங்க. நல்லது அங்கிள்," என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன்.

"இது சரியில்லை," என்றேன். என் மலாய் மார்க்கெட் மலாய். மீன் வாங்க ஆகும். அன்று அதை வைத்துத்தான் பேசினேன். "இதை மாத்தணும்."

"எழுதினதை அழிக்க முடியாது, ஆன்ட்டி. ரூல்ஸ்."

"அழிக்க வேண்டாம். கீழே எழுதுங்க."

"என்ன எழுத?"

"டியா தா மாக்கான் லுவார். இஸ்திரி சாலா சுக்காட்."

அவர் வெளியே சாப்பிடவில்லை, மனைவி தப்பாக அளந்தாள். கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். என் குரல் கொஞ்சம் பெரிது.

அந்தப் பெண் பேனாவை எடுக்கவில்லை. எப்படித் தப்பாகும், நான்தானே கப் கொடுத்தேன் என்றாள். மேசையிலிருந்த பிளாஸ்டிக் சோற்றை எடுத்துக் காட்டினேன். இப்படி அழுத்துவேன். இப்படிக் குவிப்பேன். அப்புறம் இரண்டாவது. இரண்டாவது எதற்கு என்று கேட்டாள். ஒரே தடவை வைப்பது செத்தவர்களுக்கு என்றேன். இவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் வைத்தேன் என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். இப்போது எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டாள். நூறு, பிறகு ஐம்பது என்றேன். அதைத் தன் சொந்த நோட்டில் குறித்துக்கொண்டாள். இங்கே வருகிற மற்ற இந்திய ஆன்ட்டிகளிடமும் இப்படிச் சொல்லலாம் என்றாள். "நான் கப் கொடுத்ததோட விட்டுட்டேன். எப்படி அளப்பீங்கன்னு கேக்கல," என்றாள். பிறகு இவர் புத்தகத்தில், அந்த வரிக்குக் கீழே, நான் சொன்னபடியே எழுதினாள். தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தச் சொன்னேன். குத்தினாள்.

இருபத்தொரு வருஷத்தில் இந்த நாட்டில் எத்தனையோ தாளில் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லி எழுத வைத்தது இது ஒன்றுதான்.

வெளியே வந்தோம். வரிசையில் இருந்த ஒரு தமிழ் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவர் படி இறங்கினார். மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று புத்தகத்தைத் திறந்து அந்த வரியைப் படித்தார். மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ சத்தமா சொல்லணுமா?"

"சொல்லணும்."

"ராஜுக்கும் ஒரு போன் போட்டுடு."

"காலையிலேயே போட்டாச்சு. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே."

அவர் சிரித்தார். மூன்று மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு.

"செல்வி, பசிக்குது. புத்தகத்துல எழுதினதுக்கு ஒரு நாளாவது வெளிய சாப்பிடுவோம் வா."

ஒரு வாழை இலைக் கடைக்குப் போனோம். பரிமாறுகிற தம்பி பெரிய கரண்டியால் இரண்டு இலையிலும் சோற்றைக் கொட்டினான். இன்னும் கொட்ட வந்தான். இவர் என்ன சொன்னார், கை காட்டினாரா, எவ்வளவு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது. நான் என் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.